மெக்கானிக் மேல பழி போட்டா மட்டும் விமானம் பத்திரமா பறந்துடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க பேப்பர நான் முப்பது வருஷத்துக்கு மேல படிக்கிறேன், லெட்டர் எழுதுறது இதுதான் முதல் தடவ. நான் விமான பராமரிப்புல, அதாவது ஹேங்கர்லயும் (விமானத்த உள்ள நிறுத்தி வேலை பாக்குற பெரிய கொட்டாய்) லைன்லயும் (ரெண்டு ஃப்ளைட்டுக்கு நடுவுல விமானம் வெளிய நிக்குற எடம்) டெக்னீஷியனா வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். விமானத்துல ஏதாவது கோளாறு, ஒரு பார்ட் கழண்டு விழுந்துச்சு, கதவு பிச்சுக்கிட்டு போச்சுன்னு செய்தி வரும்போதெல்லாம் கடைசி பாராவுல "பராமரிப்பு ஊழியரின் கவனக்குறைவே காரணம் என தெரியவந்துள்ளது"ன்னு ஒரு வரி வருது, அதோட செய்தி முடிஞ்சுருது. உங்க பேப்பர்ல மட்டும் இல்ல, எல்லா பேப்பர்லயும் டிவியிலயும் இப்படித்தான். அந்த ஒரு வரிய படிக்கும்போது எனக்கு வயிறு எரியும். தப்பு நடக்கலன்னு நான் சொல்ல வரல. தப்பு நடக்குது, நானே பண்ணிருக்கேன், அதையும் கீழ எழுதியிருக்கேன். ஆனா அந்த தப்பு அந்த ஆளு கைக்கு எப்படி வந்து சேந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

ஹேங்கர்ல வேலை பாத்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கேஸ் இருக்கு, அதையே முதல்ல சொல்றேன். 1990 ஜூன் 10, இங்கிலாந்துல பர்மிங்ஹாம்லருந்து ஸ்பெயின்ல இருக்குற மலாகாவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஃப்ளைட் 5390 கிளம்புது. பிஏசி ஒன்-இலவன்னு ஒரு ஜெட், பயணிகள் 81 பேர், ஊழியர்கள் 6 பேர். கிளம்பி 13 நிமிஷத்துல, 17,300 அடியில கேப்டன் பக்கத்து முன் கண்ணாடி அப்படியே பிச்சுக்கிட்டு வெளிய போயிடுது. உள்ள இருந்த காத்து வெளிய அடிச்ச வேகத்துல கேப்டன் டிம் லங்காஸ்டர் பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளிய. நைஜல் ஆக்டன்ங்கிற கேபின் ஊழியர் ஓடி வந்து அவர இடுப்போட சேத்து புடிச்சுக்கிட்டாரு, அப்புறம் மத்தவங்களும் மாத்தி மாத்தி புடிச்சாங்க. துணை விமானி அலஸ்டர் அட்சிசன் சவுத்தாம்ப்டன்ல எறக்குனாரு. ஒரு உயிர் போகல. கேப்டன் அஞ்சு மாசம் கூட ஆகல, திரும்ப ஃப்ளைட் ஓட்ட வந்துட்டாரு. இந்த பக்கம் எல்லாருக்கும் தெரியும், கேட்டா ஆச்சரியப்படுவாங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு முக்கியமானது அதுக்கு 27 மணி நேரம் முன்னாடி ஹேங்கர்ல நடந்த கத.

அந்த கண்ணாடிய மாத்துனது ஷிஃப்ட் மெயின்டனன்ஸ் மேனேஜர். அன்னிக்கு நைட் ஆள் பத்தல, அதனால அவரே வேலையில எறங்குனாரு. நல்ல வேலைக்காரர், அனுபவஸ்தர், சோம்பேறியா இருந்தா போய் உக்காந்துருப்பாரு, இவரு இழுத்து போட்டுக்கிட்டு செஞ்ச மனுஷன், அத முதல்ல மனசுல வச்சுக்கோங்க. விடியக்காலை 3 மணிக்கு மேல 5 மணிக்குள்ள. பழைய கண்ணாடிய கழட்டுனா மொத்தம் 90 போல்ட். பழைய போல்ட் ஏ211-7டி. உண்மையில அங்க போட வேண்டியது ஏ211-8டி, கொஞ்சம் நீளம் ஜாஸ்தி. அதாவது நாலு வருஷத்துக்கு முன்னாடி மாத்துனப்பவே நீளம் குறைஞ்ச போல்ட்தான் போட்டுருக்காங்க, அது எப்படியோ தாங்கிருக்கு. இவரு ஸ்டோருக்கு போய் 7டி கேக்குறாரு, ஸ்டோர் கீப்பர் "இந்த வேலைக்கு 8டி தான போடுவாங்க"ன்னு சொல்லிருக்காரு. இவரு, கழட்டுனது 7டி, நாலு வருஷம் நின்னுருக்கு, அதே போடுவோம்னு முடிவு பண்ணிட்டாரு. ஆனா ஸ்டோர்ல 7டி தேவையான அளவு ஸ்டாக் இல்ல.

சரின்னு வண்டி எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டோட இன்னொரு பக்கம், ஆளே இல்லாத இன்னொரு பார்ட்ஸ் ரேக்குக்கு போறாரு. அங்க வெளிச்சம் கம்மி, டிராயர் மேல ஒட்டுன லேபிள் மங்கி போய் சரியா தெரியல. படிக்க கண்ணாடி போட வேண்டியவர், அன்னிக்கு போடல. பழைய போல்ட்ட கையில வச்சுக்கிட்டு பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து எடுக்குறாரு. எடுத்தது 8சி. விட்டம் 0.026 இன்ச் கம்மி, நம்ம கணக்குல ஒரு மில்லிமீட்டர்ல முக்கா பாகம் கூட வராது. 84 போல்ட் அந்த சின்ன சைஸ், மீதி 6 நீளம் பத்தாதது. 90-ல ஒன்னு கூட சரியான போல்ட் இல்ல.

இப்ப படிக்கிறவங்க கேப்பீங்க, டைட் பண்ணும்போது தெரியாதான்னு. இதுதான் என்ன ரொம்ப பாதிச்ச எடம். டார்க், அதாவது திருகுற விசைக்கு அளவு வச்ச ஸ்க்ரூடிரைவர்னு ஒன்னு, அளவு வந்ததும் க்ளிக்குனு விட்டுரும், அந்த க்ளிக் வந்தா போதுமான இறுக்கம் வந்துருச்சுன்னு அர்த்தம். அவருக்கு க்ளிக் கெடச்சுது. ஆனா அதுல பல க்ளிக் டார்க் வந்த க்ளிக் இல்ல, போல்ட் சின்னதா இருந்ததால மரை வழுக்குற க்ளிக். கைக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். மேடை அந்த வேலைக்கு தோதா நிக்கல, அவரு விமானத்தோட மூக்கு மேல எட்டி சாஞ்சுக்கிட்டு வேலை பாத்ததால போல்ட் தலை குழிக்குள்ள ரொம்ப கீழ எறங்கி உக்காந்துருக்குறத நேரா பாக்க முடியல, கையே மறச்சிருக்கு. கை சரின்னு சொல்லுது, கண்ணுக்கு தெரியல, நேரம் விடியக்காலை நாலு.

அதுக்கப்புறம் இன்னொருத்தர் செக் பண்ணிருந்தா மாட்டிருக்கும். ஆனா அந்த காலத்து ரூல்படி கண்ணாடி மாத்துறது ரெண்டாவது ஆள் கட்டாயம் பாக்க வேண்டிய வேலைகள் லிஸ்ட்ல இல்ல. மாத்துனதும் உள்ள காத்து அழுத்தம் குடுத்து பாருன்னும் சொல்லல. அந்த கண்ணாடி வேற வெளிய இருந்து போல்ட் போட்டு மாட்டுற டிசைன். உள்ளருந்து மாட்டுற மாதிரி இருந்தா அழுத்தமே அத ஃப்ரேமோட சேத்து அமுக்கி புடிச்சிருக்கும், வெளியருந்து மாட்டுனா மொத்த அழுத்தத்தையும் போல்ட் மட்டும்தான் தாங்கணும். எத்தனை இடத்துல இந்த தப்பு நின்னு போயிருக்கலாம்னு எண்ணி பாருங்க. ஆள் இருந்திருந்தா, ஸ்டோர்ல ஸ்டாக் இருந்திருந்தா, ரேக்குல ஒரு ட்யூப் லைட் நல்லா எரிஞ்சிருந்தா, லேபிள் தெரிஞ்சிருந்தா, மேடை சரியா இருந்திருந்தா, ரெண்டாவது ஆள் பாத்திருந்தா. அவரு பார்ட் நம்பர கேட்டலாக்ல பாத்திருக்கணும், ஸ்டோர் கீப்பர் பேச்ச கேட்டிருக்கணும், அது அவரு தப்புதான், அத நான் மறைக்கல. ஆனா அந்த ஒரு ஆள வெளிய அனுப்பிட்டு மத்ததெல்லாம் அப்படியே விட்டா, நாளைக்கு நைட் அதே ரேக் முன்னாடி வேற ஒருத்தன் நிப்பான்.

இப்ப என் கத. 1990-களோட நடுவுல, நான் வேலை பாத்த இடத்தோட பேரு வேணாம். நைட் ஷிஃப்ட். ஒரு விமானத்துக்கு மெயின் வீல் மாத்தணும். உங்களுக்கு புரியுற மாதிரி சொல்றேன், லாரி வீல் மாதிரி சுத்தி நட்டு இருக்காது, நடுவுல ஆக்சில்ல பெரிய ஒரே நட்டு. வீல சுத்திக்கிட்டே முதல்ல அதிக டார்க்ல டைட் பண்ணணும், அப்பதான் பேரிங் நல்லா உக்காரும், அப்புறம் அந்த நட்ட லூஸ் பண்ணிட்டு மறுபடி கம்மி டார்க்ல டைட் பண்ணி, லாக் போட்டு, வயர் கட்டி, கடைசியா மேல ஹப் கேப் மூடணும். நான் முதல் டார்க் குடுத்தாச்சு, நட்ட லூஸ் பண்ணியாச்சு, சரியா அந்த நேரம் பாத்து ரேடியோவுல கூப்புடுறாங்க, அடுத்த பே-ல, அதாவது பக்கத்துல விமானம் நிறுத்துற எடத்துல, இன்னொரு விமானத்துல ஹைட்ராலிக் லீக், ஒரு கை வந்து புடி, அவசரம்னு. ஒரு நிமிஷ வேலைன்னு போனேன், நாப்பது நிமிஷம் ஆச்சு.

திரும்பி வந்தா ஹப் கேப் மாட்டி கிடக்கு. ஹெல்பர் பையன், பாவம், கேப்பும் ஸ்க்ரூவும் ஆக்சில் பக்கத்துல கிடந்துச்சு, அண்ணன் முடிச்சுட்டு போய்ட்டாருன்னு நெனச்சு எனக்கு உதவியா மூடிட்டான். நானும் மூடி இருக்குறத பாத்தேன், மூளை அப்படியே முடிஞ்சுதுன்னு எடுத்துக்கிச்சு. மூடுன நிலையில அது முடிஞ்ச வீல் மாதிரிதான இருக்கும், வேற எப்படி இருக்கும்? ஜாக் எறக்குனோம். செஞ்ச வேலைய பதியுற கார்டுல வீல் மாத்தியாச்சுன்னு ஒரே வரி, ஒரே கையெழுத்து, போட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சுது.

பஸ்ஸுல ஏறி பல்லாவரம் பக்கம் வந்துட்டேன். ஜன்னல் ஓரம் உக்காந்து அரைத்தூக்கம். அப்ப முன் சீட்டுல ஒருத்தர் குடைய மடக்கும்போது "டக்"குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். எனக்கு முதுகு ஜில்லுனு ஆயிடுச்சு. டார்க் ரென்ச் விடும்போது அதே "டக்" வரும். நைட்டு பாத்த வேலை முழுசையும் மனசுல ஓட்டி பாக்குறேன், முதல் டக் ஞாபகம் இருக்கு, ரெண்டாவது டக் ஞாபகம் இல்ல. ஒருவேள பண்ணிருப்பேன், மறந்துருப்பேன்னு ஒரு மனசு சொல்லுது. இப்ப போன் பண்ணா, பண்ணாத வேலைக்கு கையெழுத்து போட்டவன்னு ஆயிடும், லைசென்ஸ் எக்ஸாம் வேற எழுதிக்கிட்டு இருந்த நேரம், கல்யாணம் ஆகி ஒரு வருஷம். இத்தனையும் ஒரு ஸ்டாப் தூரத்துக்குள்ள யோசிச்சேன். எறங்கி ஒரு ரூபா காயின் போன் தேடி ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு போட்டேன். என்ன சொன்னேன்னு சரியா ஞாபகம் இல்ல, "சார் அந்த வீல அனுப்பாதீங்க சார்"னு மட்டும் ரெண்டு மூணு தடவ சொன்னேன்னு அவரு அப்புறம் சொன்னாரு.

போர்டிங் ஆரம்பிச்சிருந்தாங்க. நிறுத்திட்டாரு. நான் ஆட்டோ புடிச்சு திரும்பி போறதுக்குள்ள ஜாக் ஏத்தி ஹப் கேப் கழட்டி வச்சிருந்தாரு, ஆனா நட்ட யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. "தம்பி, நீயே தொட்டு பாரு"ன்னாரு. தொட்டேன். விரலாலயே சுத்துச்சு. லாக்கும் இல்ல வயரும் இல்ல. இத எழுதும்போது கூட என் விரல் நுனியில அது தெரியுது.

அவரு கத்தல. முதல்ல வேலைய முழுசா என்னையே செய்ய வச்சாரு, பக்கத்துல ஒரு ஏஎம்இ, அதாவது லைசென்ஸ் வாங்குன விமான பராமரிப்பு இன்ஜினியர், நின்னு ஒவ்வொரு படியா பாத்தாரு. விமானம் ஒன்றரை மணி நேரம் லேட்டா போச்சு. அப்புறம் கேன்டீன்ல டீ வாங்கி குடுத்துட்டு கேட்டாரு, உன்ன யாரு கூப்ட்டது, பாதி வேலையில இருக்குறவன கூப்புடலாமான்னு கூப்ட்டவன் கேட்டானா, ஹெல்பருக்கு எத வச்சு முடிஞ்சுதுன்னு தோணுச்சு, கார்டுல ஏன் இத்தனை படிக்கும் சேத்து ஒரே கையெழுத்து. ஒரு மணி நேரம் கேட்டாரு, ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு. அடுத்த வாரம் வீல் கார்டு மாறுச்சு. முதல் டார்க்குக்கு ஒரு கையெழுத்து, ரெண்டாவதுக்கு ஒன்னு, லாக்குக்கு ஒன்னு, பாதியில விட்டுட்டு போனா தொங்க விட சிவப்பு நாடா. ஹப் கேப்ப ஆக்சில் பக்கத்துல வைக்கக்கூடாது, வேலை பாக்குறவன் தன் டூல் பாக்ஸுக்குள்ள வச்சு மூடணும், லாக் வயர் கட்டுனப்புறம்தான் வெளிய எடுக்கணும். இத எல்லாம் எழுதுறதுக்கு ரெண்டு பேப்பர்தான் செலவு. எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் வந்துச்சு, அது நியாயம், வாங்கிக்கிட்டேன். ஷிஃப்ட் மீட்டிங்ல அந்த கதய நானே எந்திரிச்சு சொல்லணும்னு சொன்னாரு, சொன்னேன், கை நடுங்குச்சு. அந்த மாசமே வேற மூணு பேரு அவங்கவங்க நூலெழையில தப்பிச்ச கதய அவரு கிட்ட தனியா வந்து சொன்னாங்க. அதுல ஒன்னு என்னோடத விட பெருசு.

சில வருஷம் கழிச்சு அவரு ரிட்டயர் ஆனாரு, வேற ஒருத்தர் வந்தாரு. ஒரு சின்ன பையன், வேலை முடிச்சு வீட்டுக்கு போய் பேன்ட் பாக்கெட்ல கை விட்டா ஒரு வாஷர். எந்த வேலையில மிஞ்சுனதுன்னு தெரியல, பயந்து போய் ஓடி வந்து சொன்னான். சரியா என்ன மாதிரியே. தேடி பாத்தாங்க, விமானத்துல எல்லாம் சரியா இருந்துச்சு, அது எக்ஸ்ட்ரா வாஷர்தான். ஆனா அவனுக்கு மூணு மாசம் சஸ்பென்ஷன். எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு பேசுனாங்க. அதுக்கப்புறம் நான் அங்க இருந்த வரைக்கும் ஒருத்தன் கூட வாயத் தொறந்து ஒன்னும் சொல்லல. தானா சொல்ற ரிஜிஸ்டர் வருஷம் முழுக்க காலி. தப்பு நின்னு போச்சா என்ன? பாக்கெட்ல வாஷர் கெடச்சவன் அத ரோட்டோரம் போட்டுட்டு போயிருப்பான், அவ்வளவுதான். அத நெனச்சா இன்னிக்கும் தூக்கம் வராது எனக்கு.

ஷிஃப்ட் மாறும்போது நடக்குறது இன்னொரு பெரிய விஷயம். 1991 செப்டம்பர் 11, அமெரிக்காவுல டெக்சஸ், கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574, எம்ப்ரேயர் 120 விமானம், லரேடோல இருந்து ஹூஸ்டனுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. வால் பக்கத்து கிடைமட்ட இறக்கையோட முன் விளிம்புல பனி ஒட்டாம இருக்க ரப்பர் மாதிரி ஒரு உறை, அத மாத்தணும். ஒரு ஷிஃப்ட்காரங்க இடது பக்கம் மேல இருந்த 47 ஸ்க்ரூவ கழட்டிட்டாங்க. அப்புறம் வேலை வலது பக்கத்தோட நின்னு போச்சு, இடது பக்கத்த அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாங்க. ஆனா அங்க ஸ்க்ரூ கழட்டி கிடக்குங்கிற தகவல் அடுத்த ஷிஃப்டுக்கு போய் சேரல. அது மேல்பக்கம், கீழ நின்னு பாத்தா தெரியாது. விமானம் அப்படியே பறக்க போயிடுச்சு. ஈகிள் லேக்குங்கிற ஊர் பக்கத்துல விழுந்து 14 பேரும் செத்தாங்க. விசாரணை பண்ணவங்கள்ல பெரும்பாலானவங்க, பராமரிப்பு ஊழியர்களும் இன்ஸ்பெக்டர்களும் நடைமுறைய பின்பத்தலன்னு காரணம் எழுதுனப்ப, விசாரணை வாரியத்துல உறுப்பினரா இருந்த ஜான் லாபர் மட்டும் ஒத்துக்கல, நடைமுறைய மதிக்கிற பழக்கத்த நிர்வாகம் அங்க உண்டாக்கலங்கிறதயும் காரணத்துல சேக்கணும்னு தனியா எழுதி வச்சாரு. எங்க தொழில்ல அந்த மனுஷன் பேர மரியாதையோட சொல்லுவோம்.

எனக்கு நடந்த மாதிரியே ஒன்னு லண்டன் ஹீத்ரோவுல 2013 மே 24-ல நடந்துச்சு. ஏ319 விமானம், நைட்டு ரெண்டு டெக்னீஷியன் இன்ஜின் மூடிய தொறந்து பாத்துட்டு, ஆயில் ஊத்த வேண்டிருந்ததால சாமான் எடுத்துட்டு வருவோம்னு லாக் போடாம மூடி மட்டும் எறக்கி வச்சுட்டு போனாங்க. திரும்பி வரும்போது வேற ஒரு விமானத்துக்கு போய்ட்டாங்க. அங்க மூடி ஒழுங்கா பூட்டி இருக்கு, யாரோ பூட்டிட்டாங்கன்னு நெனச்சாங்க. காலையில அந்த விமானம் டேக் ஆஃப் ஆகும்போது ரெண்டு இன்ஜின் மூடியும் பிச்சுக்கிட்டு போச்சு, திரும்பி எறங்குறதுக்குள்ள ஒரு இன்ஜின்ல நெருப்பு. உள்ள இருந்த 80 பேரும் தப்பிச்சாங்க. படிக்கிறவங்களுக்கு இது முட்டாள்தனமா தெரியும். நைட் ஷிஃப்ட்ல வரிசையா ஒரே கலர் விமானம் ஏழெட்டு நிக்கும்போது அதுக்கு நடுவுல நடந்து பாத்தவங்களுக்கு அப்படி தெரியாது.

ஒரே ஆளு ஒரே தப்ப எல்லா இன்ஜின்லயும் பண்றதும் நடக்கும். 1983 மே 5, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855, மயாமியிலருந்து நசாவுக்கு 172 பேரோட போன ட்ரைஸ்டார்ங்கிற மூணு இன்ஜின் ஜெட். மூணு இன்ஜின்லயும் ஆயில்ல இரும்புத்துகள் இருக்கான்னு பாக்குற சிப் டிடெக்டர மாத்துனாங்க, மூணுலயும் ஓ-ரிங், அதாவது ஆயில் கசியாம அடைக்கிற வளையம், இல்ல. ஏன்னா வழக்கமா அவங்க எடுக்குற எடத்துல ரிங் மாட்டியே வச்சிருப்பாங்க, அன்னிக்கு அங்க தீந்து போனதால ஸ்டோர்ல புதுசு வாங்குனாங்க, அதுல ரிங் மாட்டி வரல, கை பழக்கத்துல அப்படியே போட்டுட்டாங்க. லீக் செக்குக்கு இன்ஜின ஸ்டார்ட்டர்ல கொஞ்ச நேரம் மட்டும் சுத்தி பாத்தாங்க, அந்த நேரத்துக்குள்ள ஆயில் வெளிய வரல. கடல் மேல ஒன்னு ஒன்னா மூணும் நின்னு, கடைசியில முதல்ல நிறுத்துன இன்ஜின திரும்ப ஸ்டார்ட் பண்ணி, ஒத்த இன்ஜின்ல மயாமியில எறங்குனாங்க. ரெண்டு இன்ஜினுக்கும் ஒரே வேலைய ஒரே ஆளு ஒரே நைட்ல செய்யக்கூடாதுன்னு நாங்க புடிச்சு தொங்குறதுக்கு இந்த மாதிரி கேஸ்தான் காரணம்.

கிட்டத்துல நடந்தது உங்க வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும், 2024 ஜனவரி 5, அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282, போயிங் 737-9 மேக்ஸ், போர்ட்லாண்ட்ல இருந்து கிளம்புன கொஞ்ச நேரத்துல பக்கவாட்டுல கதவு எடத்த அடைச்சிருந்த பேனல் பறந்து போச்சு. உள்ள 177 பேர், நல்ல நேரம் அந்த ஓட்ட பக்கத்து சீட்டுல யாரும் இல்ல. புது விமானம், ஃபேக்டரியில ரிவெட் சரி பண்றதுக்காக அந்த பேனல தொறந்துருக்காங்க, மூடும்போது நாலு போல்ட்ட திருப்பி போடல. தொறந்ததுக்கு பேப்பரே இல்ல. பேப்பர் இல்லன்னா அடுத்து வர்றவனுக்கு அந்த வேலையே நடக்கல, அப்புறம் அவன் எத செக் பண்ணுவான்? விசாரணை முடிவுல போல்ட் போடாத கைய விட்டுட்டு, போதுமான ட்ரெய்னிங்கும் மேற்பார்வையும் குடுக்காத கம்பெனியத்தான் முதல்ல சொன்னாங்க. அந்த ரிப்போர்ட் வந்தப்ப நான் வீட்டுல சத்தமா கை தட்டுனேன், என் பேத்தி என்னாச்சு தாத்தான்னு ஓடி வந்தா.

1993-லயே கனடா போக்குவரத்து துறையில கார்டன் டுபான்ட்னு ஒருத்தர் மெக்கானிக் ஏன் தப்பு பண்றான்னு பன்னெண்டு காரணம் எழுதி வச்சாரு, இன்னிக்கு உலகம் முழுக்க ஏஎம்இ படிக்கிற பசங்களுக்கு அத சொல்லித்தர்றாங்க, எங்க ஹேங்கர்லயும் போஸ்டர் ஒட்டிருந்துச்சு. களைப்பு, அவசரம், சொல்ல வேண்டியத சொல்லாம விடுறது, ஆள் பத்தாதது, எதிர்த்து பேச தயக்கம், இப்படி போகும். போஸ்டர் இருக்கு, ஆனா அதுக்கு கீழயே ஒருத்தன் தொடர்ந்து நாலாவது நைட் ஷிஃப்ட் பாத்துக்கிட்டு நிப்பான். விடியக்காலை மூணுலருந்து அஞ்சு மனுஷ உடம்பு தூங்க கேக்குற நேரம், எந்த லைசென்ஸும் அத மாத்தாது. விமானம் பகல்ல பறந்தாதான் காசு, அதனால பெரிய வேலையெல்லாம் நைட்லதான் விழும், அது தவிர்க்க முடியாது, நானும் ஒத்துக்குறேன். ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துல கன்ட்ரோல் கேபிள், வீல், இன்ஜின் மாதிரி வேலைய ஒத்த ஆளு கையில குடுக்காம இருக்கலாம் இல்லையா.

பைலட் ரெண்டு பேரு உக்காந்து ஓட்டுறாங்க, ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் சரி பாக்குறாரு, அவங்களுக்கு ட்யூட்டி நேரம் ஓய்வு நேரம் எல்லாம் ரூல்ல கணக்கா இருக்கு. அதுக்கு பைலட்டுங்க போராடி வாங்குனாங்க, நல்லது. ஹேங்கர்ல குப்புற படுத்து டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு வேலை பாக்குறவனோட தூக்கத்த பத்தி பேப்பர்ல ஒரு வரி நான் படிச்சதில்ல. பயணிங்க பைலட்டுக்கு கை தட்டுவாங்க, இவன யாரும் பாத்ததே இல்ல. பேரு வரணும்னா ஏதாவது கழண்டு விழணும்.

தானா வந்து சொல்றவனுக்கு பாதுகாப்பு குடுக்குறது புது ஐடியாவும் இல்ல. அமெரிக்காவுல 1976-லருந்து நாசா ஒரு ரிப்போர்ட் சிஸ்டம் நடத்துது, தண்டிக்கிற அதிகாரம் இருக்குற துறை கையில குடுக்காம வேணும்னே நாசா கிட்ட குடுத்தாங்க, பைலட் மட்டும் இல்ல மெக்கானிக்கும் எழுதலாம், பேர எடுத்துட்டு விஷயத்த மட்டும் எல்லாருக்கும் போடுவாங்க. நம்ம நாட்டுலயும் டிஜிசிஏ-க்கு, அதாவது விமான போக்குவரத்த கட்டுப்படுத்துற அரசு அமைப்புக்கு, தானா ரிப்போர்ட் பண்ற வழி இருக்கு. வழி இருந்து என்ன, பையன் எழுதுறதுக்கு முன்னாடி அவன் கம்பெனியில கடைசியா எழுதுனவனுக்கு என்ன ஆச்சுன்னுதான் பாப்பான். வேணும்னே தப்பு பண்றவன், தண்ணி போட்டுட்டு வர்றவன், செய்யாத வேலைய செஞ்சேன்னு தெரிஞ்சே கையெழுத்து போடுறவன், இவங்கள விடச்சொல்லல, லைசென்ஸ புடுங்கணும். அவங்களையும், காயின் போன் தேடி ஓடுறவனையும் ஒரே தட்டுல வைக்காதீங்கன்னுதான் கேக்குறேன்.

எங்க தெருவுல ஒரு பொண்ணு ஏஎம்இ கோர்ஸ் படிக்குது, அப்பா வேன் டிரைவர், லோன் போட்டு படிக்க வைக்கிறாரு. போன மாசம் என்கிட்ட வந்து, "தாத்தா, வேலையில தப்பு பண்ணா லைசென்ஸ் போயிடுமா? பண்ணிட்டு சொன்னா போயிடுமா, சொல்லலன்னா போயிடுமா?"ன்னு கேட்டுச்சு. அந்த வீல் கதய முழுசா சொன்னேன், வாஷர் கதயையும் சொன்னேன். "அப்ப நான் எந்த மாதிரி இன்சார்ஜ் கிட்ட போய் சேருவேன்னு எப்படி தெரியும்?"னு கேட்டுச்சு. எனக்கு பதில் சொல்ல தெரியல.

ஆசிரியர் சார், அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி வந்தா உங்க நிருபர அந்த கடைசி வரியோட நிறுத்திக்க வேணாம்னு சொல்லுங்க. அந்த வேலை எத்தனை மணிக்கு நடந்துச்சு, அந்த ஆளுக்கு அது தொடர்ந்து எத்தனாவது நைட், எத்தனை பேர் இருக்க வேண்டிய எடத்துல எத்தனை பேர் இருந்தாங்க, ரெண்டாவதா யாரு பாத்தாங்க, இத கேட்டு எழுத சொல்லுங்க. கம்பெனி பதில் சொல்லலன்னா, கேட்டோம் சொல்லலன்னு அதையும் போடுங்க. முடிஞ்சா அனுமதி வாங்கி ஒரு நிருபர ஒரு நைட் ஏதாவது ஒரு ஹேங்கருக்கு அனுப்புங்க, சாயந்தரம் போய் ஃபோட்டோ எடுத்துட்டு வராம விடியக்காலை நாலு மணிக்கு அங்க இருக்கணும். ஏணி மேல நிக்கிறவன் பக்கத்துல போய், அவன் வேலைய முடிக்கிற வரைக்கும் பேச்சு குடுக்காம, அந்த "டக்" சத்தம் வர்ற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் கேக்க சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமான டெக்னீஷியன்,
பொழிச்சலூர், சென்னை.